சிறையில் நோயுற்ற வீரமுரசு

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் என்னும் சுவர் உறுதியாக இருந்தால்தான் வாழ்க்கை என்னும் சித்திரத்தைத் தீட்ட முடியும் என்பது அதன் பொருள். ஆனால் நாற்புறமும் உயர்ந்த மதில்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஒருவருடைய உடலைக் காப்பது யார்? நமக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். அப்பா மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார். சிறையில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் நினைத்த நேரத்தில் மருத்துவரைக் காண முடியாது. கடைக்குச் சென்று ஒரு மாத்திரை வாங்க முடியாது. பசிக்கு ஏற்ற உணவையோ, களைப்புக்கு ஏற்ற ஓய்வையோ தாமே தேடிக்கொள்ள முடியாது. சாவியைக் கையில் வைத்திருப்பவர் கவனித்தால் உண்டு, கவனியாவிட்டால் இல்லை.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் வாழும் நமக்குப் புழல் என்றதும் ஏரிதான் முதலில் நினைவுக்கு வரும். சென்னை மக்களின் தாகம் தீர்க்கும் அந்த ஏரி உள்ள பகுதியில்தான் 2006-ஆம் ஆண்டு முதல் புழல் மத்திய சிறை இயங்கி வருகிறது. பெண்களுக்கான தனிச் சிறையும் அங்கே உண்டு. ஆகவே சிறை என்பது எங்கோ தொலைவில் உள்ள ஓர் இடம் அன்று. நம் அண்டை வீடு போன்றது. அங்கிருப்போரின் நலத்தைப் பற்றி எண்ணிப் பார்ப்பது நமக்கு அந்நியமான செயலும் அன்று.

இந்த எண்ணத்தை நம் உள்ளத்தில் ஆழப் பதியச் செய்யும் வாழ்க்கை ஒன்று நம் தமிழ்நாட்டு விடுதலை வரலாற்றிலேயே இருக்கிறது. இருபத்து மூன்று வயதில் சிங்கம் போலச் சிறைக்குள் நுழைந்து, இருபத்தெட்டு வயதில் தீராத நோயோடு வெளியே வந்த வீரமுரசு சுப்பிரமணிய சிவாவின் வாழ்க்கையே அது.

இளமை

சுப்பிரமணிய சிவா 1884-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தார். அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இன்று திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. தந்தையார் ராஜம் ஐயர், தாயார் நாகம்மாள். சிவா என்னும் பெயர் பின்னாளில் சேர்ந்தது. குடும்பத்தில் வறுமை சூழ்ந்திருந்தது. மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் அவர் பயின்றார். பள்ளிப் படிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே மீனாட்சி அம்மையாருடன் திருமணமும் நடந்தது.

ஏட்டுக் கல்வி குறைவாயினும் நாவன்மை அவருக்கு இயல்பாக வாய்த்திருந்தது. திருவனந்தபுரத்தில் தரும பரிபாலன சமாஜம் என்னும் சங்கத்தை நிறுவி, இளைஞர்களைக் கூட்டி நாட்டுப்பற்றை ஊட்டினார். வங்காளப் பிரிவினையை எதிர்த்து நாடெங்கும் சுதேசிக் கிளர்ச்சி மூண்டிருந்த காலம் அது. அவருடைய பேச்சைக் கண்டு அஞ்சிய திருவிதாங்கூர் அரசு, எல்லையை விட்டு வெளியேறுமாறு அவருக்குக் கட்டளையிட்டது. கையில் காசில்லை; பின்னால் பெரிய கட்சியும் இல்லை. ஆயினும் சிவா சோர்ந்துவிடவில்லை. ஊர் ஊராக நடந்தார். சென்ற இடமெல்லாம் பேசினார். இறுதியில் தூத்துக்குடியை வந்தடைந்தார்.

தூத்துக்குடியில் எழுந்த முரசொலி

தூத்துக்குடியில் அப்போது வழக்கறிஞர் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை நடத்தி வந்தார். 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிவா அவரைச் சந்தித்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலாயிற்று. சிதம்பரனார் திட்டம் வகுப்பார். சிவா மேடையேறி அதை மக்கள் உள்ளத்தில் விதைப்பார். மாலை நேரத்தில் கடற்கரையில் நடந்த கூட்டங்களுக்கு மீனவரும் கூலித் தொழிலாளரும் கடைக்காரரும் திரண்டு வந்தனர்.

அந்த ஊரில் வெள்ளையர் நடத்திய கோரல் பஞ்சாலையில் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர். வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி இறுதியில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சிதம்பரனாரும் சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். சில நாட்களுக்குள் ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது; ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் தொடக்க காலத்தில் கிடைத்த வெற்றிகளுள் இதுவும் ஒன்று. பிறருடைய உடல் களைப்பைக் கண்டு இரங்கி, அவர்களுக்கு ஓய்வு வேண்டும் என்று வாதாடியவர் சிவா. அவருக்கே ஓய்வும் மருத்துவமும் கிட்டாத காலம் விரைவில் வந்தது என்பதுதான் நம் நெஞ்சை வருத்துகிறது.

1908 மார்ச் 12-ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர்; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அரசை எதிர்த்துப் பேசியதே குற்றம் என்று வழக்கு நடந்தது. ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டு நாடு கடத்தல் தண்டனை. சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. அதில் ஒன்று சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக விதிக்கப்பட்டது! சிவாவின் பேச்சுக்கு வெள்ளை அரசு எவ்வளவு அஞ்சியது என்பதை இதனால் அறியலாம். பின்னர் உயர் நீதிமன்றம் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது.

மதில்களுக்கு உள்ளே

அந்நாளைய சிறை வாழ்க்கை எத்தகையது? கோவைச் சிறையில் சிதம்பரனார் செக்கிழுத்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம். கடுங்காவல் தண்டனை என்றால் கல்லுடைத்தல், செக்கிழுத்தல், கம்பளி நெய்தல் முதலிய கடுமையான வேலைகள் உண்டு. அரசியல் கைதி என்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. சிவா திருச்சியிலும் சேலத்திலும் இருந்த சிறைகளில் தம் தண்டனைக் காலத்தைக் கழித்தார்.

அங்கே அவருக்குத் தொழுநோய் கண்டது. அந்நாளில் அதனைப் பெருவியாதி என்பர். அந்நோயின் கிருமியை 1873-ஆம் ஆண்டிலேயே நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்துவிட்டார். ஆயினும் அதைக் கொல்லும் மருந்து அன்று உலகில் எங்கும் இல்லை. நீரடிமுத்து எண்ணெய்தான் அக்காலத்தில் கையாண்ட மருந்து. அதைக் குடிப்பதும் கடினம், ஊசியாக ஏற்றிக்கொள்வதும் வேதனை, பயனோ சிறிது.

தொழுநோய் மெதுவாக வளர்வது. கிருமி உடலில் புகுந்த பின் அடையாளம் தெரியச் சராசரியாக ஐந்தாண்டுகள் ஆகும். சிலருக்கு இருபதாண்டுகள்கூட ஆகலாம். முதலில் தோலில் வெளிறிய அல்லது சற்றே சிவந்த தேமல் ஒன்று தோன்றும். அந்த இடத்தில் உணர்ச்சி இராது. நோய் முற்ற முற்ற நரம்புகள் செயலிழக்கும். கையிலோ காலிலோ சூடு பட்டாலும் முள் குத்தினாலும் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகும். கவனியாத புண் விரல்களைத் தின்றுவிடும். ஆகவே மருந்து இல்லாத அந்நாளிலும், தொடக்கத்திலேயே கண்டுகொண்டு, கடின வேலையிலிருந்து விலக்கி, காயம் படாமல் காத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால் உறுப்புகள் சிதைவதைப் பெருமளவு தடுக்கலாம். கடுங்காவல் சிறையில் இருந்தவருக்கு அந்தக் காப்பு எளிதில் வாய்க்கக்கூடியதா?

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் இல்லாத காலம் அன்று அது. 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் அப்போதே நடப்பில் இருந்தது. ஒவ்வொரு சிறைக்கும் மருத்துவ அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். மருத்துவமனையோ, நோயாளிகளை வைத்துப் பார்க்கத் தக்க இடமோ இருக்க வேண்டும். சிறைக்குள் வரும் ஒவ்வொருவரையும் பரிசோதிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. வேலை செய்யும் கைதிகளை மருத்துவ அதிகாரி அவ்வப்போது சென்று பார்க்க வேண்டும் என்றும், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையேனும் அவர்களின் எடையைக் குறித்துவைக்கச் செய்ய வேண்டும் என்றும் விதித்தது. ஒருவர் நோயுற்றவராகத் தோன்றினாலே, அவர் கேட்காவிட்டாலும், காவலர் தாமதமின்றி மேலே தெரிவிக்க வேண்டும் என்றது. எவ்வளவு நல்ல விதிகள்! ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. விதியை ஏட்டில் எழுதிவைப்பது ஒன்று; கைதியும் நம்மைப் போன்ற மனிதர்தாம் என்று எண்ணி அதை நிறைவேற்றுவது வேறொன்று.

நீதிமன்றம் சிவாவுக்கு விதித்தது ஆறாண்டுச் சிறை. நோய் என்னும் தண்டனையை எந்த நீதிபதியும் விதிக்கவில்லை. சிறையின் காலம் முடிந்தால் கதவு திறக்கும். நோயின் கதவோ அவருக்குச் சாகும்வரை திறக்கவே இல்லை.

விடுதலைக்குப் பின்னும் விலங்கு

1912 நவம்பர் 2-ஆம் நாள் சேலம் சிறையிலிருந்து சிவா விடுதலையானார். வெளியே வந்தவர் அடங்கிக் கிடந்தாரா? இல்லை. சென்னைக்கு வந்து 1913-இல் ஞானபாநு என்னும் மாத இதழைத் தொடங்கினார். மகாகவி பாரதியாரும் வ. உ. சி.யும் அதில் எழுதினர். ராமாநுஜ விஜயம், மத்வ விஜயம் முதலிய நூல்களையும் சிவா இயற்றினார். வறுமை வாட்டியது, மனைவி மீனாட்சி அம்மையாரையும் இழந்தார். நோய் நாளுக்கு நாள் வளர்ந்தது. ஆனால் பேனாவையோ மேடையையோ அவர் விட்டுவிடவில்லை.

இதற்கிடையே வேறொரு கொடுமையும் நேர்ந்தது. தொற்றுநோய் உள்ளவர் என்று கூறி, ரயிலில் பயணம் செய்ய அவருக்குத் தடை விதித்தனர். நம் அம்பத்தூர், ஆவடி நிலையங்களைக் கடந்து அரக்கோணம், காட்பாடி, சோலார்பேட்டை வழியாகச் சேலம் செல்லும் பாதையில் எத்தனை ரயில்கள் நாள்தோறும் ஓடுகின்றன! காலையில் ஏறினால் பிற்பகலுக்குள் சேலம் போய்ச் சேரலாம். அத்தகைய வசதி நாட்டில் இருந்தும், சிவா ரயிலில் ஏற முடியவில்லை. புண்ணான கால்களுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார். சென்ற ஊர்களில் எல்லாம் பேசினார். மதிலுக்குள் அடைத்த அரசு, மதிலுக்கு வெளியிலும் அவரை விடவில்லை.

அந்த நாளில் தொழுநோயாளிகள் மீது சமுதாயமே விலங்கு பூட்டியிருந்தது. 1898-ஆம் ஆண்டில் இயற்றிய தொழுநோயாளர் சட்டம், ஏழைத் தொழுநோயாளிகளைப் பிடித்துத் தனி இடத்தில் அடைத்துவைக்க வழி செய்தது. எந்தக் குற்றமும் செய்யாதவர்களும் நோயின் காரணமாகவே கைதிகள் ஆயினர். அச்சட்டம் முற்றிலும் நீங்க 2016-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால் நமக்கு வியப்பாக இருக்கிறது அல்லவா?

சிவா 1921-இல் காவியுடை உடுத்துத் துறவு பூண்டார். அதே ஆண்டில், நோய் முற்றிய உடலோடு, மீண்டும் சிறைத்தண்டனை பெற்றார். ஒருமுறை சிறையில் உடல்நலத்தை இழந்தவர், மறுமுறை அதே வாயிலில் நுழையத் தயங்கவில்லை. இன்றைய தருமபுரி மாவட்டத்தில் உள்ள பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கி, பாரத ஆசிரமத்தை அமைத்தார். சாதி, சமய வேறுபாடின்றி அனைவரும் வந்து வணங்கத் தக்க பாரத மாதா கோயில் ஒன்று அங்கே எழ வேண்டும் என்பது அவர் கனவு. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் 1923-இல் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதைக் காணச் சிவாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1925 ஜூலை 23-ஆம் நாள் பாப்பாரப்பட்டியில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதுதான். அவர் கண்ட கனவை நினைவில் கொண்டு, தமிழ்நாடு அரசு அங்கே பாரத மாதா நினைவாலயம் கட்டி 2021-இல் திறந்துவைத்தது.

சிறை மருத்துவம் வளர்ந்த வரலாறு

சிவாவுக்கு நேர்ந்தது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்தது அன்று. சிறையும் நோயும் உலகெங்கும் நெடுங்காலம் இரட்டைப் பிள்ளைகளாகவே இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறைக் காய்ச்சல் என்றே ஒரு நோய்க்குப் பெயர் வழங்கியது. நெருக்கடியும் அழுக்கும் நிறைந்த அறைகளில் பேன்களால் பரவிய கொடிய காய்ச்சல் அது. தூக்கு மேடையில் மாண்டவரை விட அக்காய்ச்சலில் மாண்டவர் மிகுதி என்பர். 1773-இல் பெட்ஃபோர்டு மாவட்ட ஷெரீப் பதவியேற்ற ஜான் ஹோவர்டு என்னும் பெருமகன், சிறைகளை நேரில் சென்று பார்த்துத் துடித்தார். அவருடைய முயற்சியால் 1774-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. சிறைச் சுவர்களுக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிக்க வேண்டும். அறைகளில் காற்றோட்டம் வேண்டும். நோயாளிகளுக்குத் தனி அறை வேண்டும். மருத்துவர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. ஐரோப்பா முழுவதும் சிறை சிறையாகச் சுற்றிய ஹோவர்டு, 1790-இல் கெர்சோன் நகரில் கொடிய காய்ச்சல் கண்டு இறந்தார். பிறரைக் காக்கச் சென்றவர் பிறர் நோயைத் தாம் ஏற்று மறைந்தார்.

நம் நாட்டில் 1919-20-இல் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் சிறைக் குழு ஒன்று ஆய்வு செய்தது. இவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய அதிகாரி. தண்டிப்பது மட்டும் சிறையின் நோக்கமன்று, கைதியைத் திருத்துவதும் நோக்கமாக வேண்டும் என்று அக்குழு வற்புறுத்தியது. விடுதலைக்குப் பின் நம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் உயிர் வாழும் உரிமையை உறுதி செய்தது. சிறைக்குள் செல்லும் மனிதர் தம் அடிப்படை உரிமைகளை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டுச் செல்வதில்லை என்ற கருத்தை, சுனில் பத்ரா வழக்கில் 1978-இலும் அதன் பின்னும் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. 1980 முதல் 1983 வரை நீதிபதி முல்லா தலைமையில் இயங்கிய குழு, சிறைகளின் நிலையை விரிவாக ஆராய்ந்து பல சீர்திருத்தங்களைக் கூறியது.

உலக அளவிலும் மாறுதல் வந்தது. இருபத்தேழு ஆண்டுகள் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரால் 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை சிறை விதிகளைத் திருத்தி வெளியிட்டது. வெளியே உள்ள மக்களுக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம், கட்டணமின்றி, கைதிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. நோயாளிக்கு எது தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சிறை அதிகாரி அதைத் தள்ளிவிடக் கூடாது என்பது மற்றொரு விதி. இவ்விரண்டையும் சிவாவின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தால் அவற்றின் அருமை நமக்கு விளங்கும்.

தாயும் சேயும்

பெண் கல்வி நிலையத்தில் பயிலும் நாம் சிறையில் உள்ள பெண்களை மறக்கலாகாது. கருவுற்ற நிலையில் சிறைக்குச் செல்லும் பெண்கள் உண்டு. கைக்குழந்தையோடு செல்பவரும் உண்டு. ஆறு வயது வரை குழந்தை தாயுடன் சிறையில் இருக்கலாம். 2006-இல் உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்காகச் சில நெறிகளை வகுத்தது. பேறுகாலத்தில் இயன்றவரை வெளி மருத்துவமனைக்கே அழைத்துச் செல்ல வேண்டும். குழந்தைக்கு ஏற்ற உணவும் தடுப்பூசியும் மருத்துவக் கவனிப்பும் வேண்டும் என்றது. தவறிச் சிறையிலேயே குழந்தை பிறந்தால், பிறப்புப் பதிவில் பிறந்த இடம் சிறை என்று எழுதக் கூடாது என்றும் கூறியது. தாயின் வழக்கு குழந்தையின் நெற்றியில் எழுதப்படலாகாது என்னும் கருணை இதில் அடங்கியிருக்கிறது. 2010-இல் ஐக்கிய நாடுகள் சபையும் பெண் கைதிகளுக்கென்றே பாங்காக் விதிகள் என்னும் நெறிகளை ஏற்றுக்கொண்டது.

குற்றம் செய்தவர்களுக்கு இவ்வளவு கவனிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். இதற்கு நாம் இரண்டு விடைகள் கூறலாம். முதலாவது, நம் நாட்டுச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்பளிக்கவில்லை. இரண்டாவது, நோய்க்கு மதில் கிடையாது. சிறையில் பரவும் காசநோய், பார்க்க வருவோரோடும் காவலரோடும் விடுதலையாகிச் செல்வோரோடும் நம் தெருவுக்கு வந்து சேரும். சிறையில் உள்ளவரைக் குணப்படுத்துவது ஊரைக் காப்பதுமாகும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக மூன்றாவது விடையும் ஒன்று உண்டு. நோயுற்றோரைப் பார்ப்பதும் சிறைப்பட்டோரைப் பார்ப்பதும் இரக்கச் செயல்கள் என்று ஞானோபதேச வகுப்பில் கற்கிறோம். அவர்கள் தகுதியுள்ளவர்களா என்று விசாரித்துவிட்டுச் செல்லுமாறு அங்கே யாரும் நமக்குக் கற்பிக்கவில்லை. நோயும் சிறையும் ஒரே மனிதரிடம் வந்து சேரும்போது நம் கடமை இரு மடங்காகிறது.

நாம் செய்யக் கூடியவை

இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகும். நம் செங்கற்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் காக்ரேன் 1940-களில் சல்போன் வகை மருந்துகளைக் கொடுத்து நல்ல பயன் கண்டார். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதம் அல்லது ஓராண்டு மருந்து உட்கொண்டால் போதும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பிறருக்குப் பரவும் தன்மையை இழந்துவிடும். சிவா இன்று வாழ்ந்திருந்தால், சிறையிலேயே குணமடைந்து, முழு உடலோடு வெளியே வந்திருப்பார். அதே முழக்கத்தோடு இன்னும் பல்லாண்டு பேசியிருப்பார். இதை எண்ணும்போது மருந்தின் மதிப்பும், அதை உரிய காலத்தில் கொடுக்கும் கையின் மதிப்பும் நமக்குப் புலனாகின்றன.

ஆகவே உணர்ச்சியற்ற தேமலை எவரிடத்தேனும் கண்டால் அஞ்சாமல், அருவருக்காமல் மருத்துவரிடம் அனுப்புவோம். நோயாளியைப் பழைய பெயர்களால் ஏளனம் செய்வதை விட்டொழிப்போம். சிறைக்குச் சென்றவர் வீட்டுப் பிள்ளை நம்மோடு படித்தால், அவளை ஒதுக்காமல் பக்கத்தில் அமர்த்திக்கொள்வோம். நம்முள் பலர் நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் அதிகாரியாகவும் விளங்கப் போகிறோம். ஸ்டான்லி மருத்துவமனையில் கைதிகளுக்கென்று தனி வார்டு இருக்கிறது. அத்தகைய வார்டில் பணி செய்யும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தால், படுக்கையில் இருப்பவரின் வழக்கைப் பார்க்காமல் அவருடைய காய்ச்சலைப் பார்ப்போம். பெற்றோரும் தம் இல்லங்களில் இவற்றைப் பற்றிப் பிள்ளைகளோடு பேச வேண்டுகிறோம்.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு அருகில் நூற்றெழுபது ஆண்டுகளாக இருந்துவந்த பழைய மத்திய சிறை, கைதிகள் புழலுக்கு மாறிய பின் 2009-இல் இடிக்கப்பட்டது. அந்த நிலத்தில் இப்போது சென்னை மருத்துவக் கல்லூரியின் புதிய கட்டடம் எழுந்து நிற்கிறது. எத்தனையோ பேர் நோயோடு முனகிய இடத்தில் இன்று இளைஞர்களும் இளம்பெண்களும் நோய் தீர்க்கும் கலையைப் பயில்கின்றனர். நிலம் மாறியது போல் மனமும் மாற வேண்டும். மதில்களை அடுத்தும் மருத்துவம் நிற்க வேண்டும். மதில்களுக்கு உள்ளேயும் அது தடையின்றி நுழைய வேண்டும். நாட்டுக்காகத் தம் உடலையே ஈந்த வீரமுரசு சுப்பிரமணிய சிவாவுக்கு நாம் செலுத்தும் சிறந்த அஞ்சலி அதுவே ஆகும். அதற்காக உழைப்போமாக!